எண்ணெய் இல்லாத நாள்

நாளுக்கு நூற்றுப் பத்து வெள்ளி.
வேலை: சாப்பிடுவது.
பிறகு மணிக்கொரு தரம்
இடது கையை நீட்டுவது.

கெளுகோரில், மூன்றாம் மாடியில்
எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம்.
தட்டு நிறையத் துருவிய காரட்,
கொதிநீரில் வாட்டிய கீரை.
சந்தையில் மலாய்க்காரர் அதை பயாம் என்பார்.
எங்கள் வாயில் அது பயமாகிவிடும்.
ஒரு கட்டுப் பயம் கொடுங்கள் என்று
காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

முதல் வாரம் தட்டின்மேல் நாலு கரண்டி எண்ணெய்.
இரண்டாம் வாரம் சொட்டுக்கூட இல்லை,
எலுமிச்சையும் உப்பும்.
அவ்வளவுதான் வித்தியாசம் என்றார் தாதி மங்களேஸ்வரி.

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"
ஒவ்வொரு முறையும் கேட்பார், எழுதிக்கொள்வார்.
அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க
நாலு வருசமாய் வேறு ஆளில்லை.
அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்வேன்:
சோறு, ரசம், அவித்த முட்டை,
முட்டையில் பாதி பூனைக்கு.

காரட்டின் நிறத்துக்குத் தண்ணீர் ஆகாதாம்.
செடி அதைச் சுவருக்குள் சுவர் வைத்துப் பூட்டியிருக்கிறது.
பல் கொஞ்சம் உடைக்கும், துருவி கொஞ்சம், அடுப்பு கொஞ்சம்.
வெளியே வந்தாலும் ஏறிப்போக வண்டி வேண்டும்.
எண்ணெய்தான் வண்டி.
கொழுப்பின் வாசம் பட்டால்தான் பித்தப்பை சுருங்கும்;
பித்தம் எண்ணெயைக் கண்ணுக்கெட்டாத முத்துகளாய் உடைக்கும்;
முத்துக்குள் ஒளிந்து மஞ்சள் குடல்சுவரைக் கடக்கும்.
அங்கிருந்தும் நேர்வழி கிடையாது.
நிணநீர் என்றொரு பின்சந்தில் மார்புவரை ஏறி
இடது காறை எலும்பின் கீழே
ரத்தத்தில் வந்து விழும்.

நான் பட்டர்வொர்த் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன்.
பின்சந்து புரியும்.
அன்று இரவு சட்டையைக் கழற்றி
கழுத்தெலும்பைத் தடவிப் பார்த்தேன்.
சரக்கு நடமாட்டம் எதுவும் தெரியவில்லை.

எண்ணெய் இல்லாத நாள்.
பதினொரு மணி ஊசி முடிந்ததும்
கழிவறை என்று சொல்லிப் படியிறங்கினேன்.
பின்வாசலுக்கு எதிரே ஒட்டுக்கடை.
உளுந்து வடை, அப்போதுதான் எடுத்தது.
தாளில் எண்ணெய் படர்ந்து
மறுபக்கத்துச் செய்தி இந்தப் பக்கம் தெரிந்தது.
மூன்று.
நின்றபடியே.
சோப்புப் போட்டு இரண்டு தரம் கைகழுவிவிட்டு
மேலே போய் உட்கார்ந்தேன்,
காரட் மட்டும் தின்றவன் முகத்தோடு.

மறுவாரம் கூப்பிட்டார்.
திரையில் என் குழாய்கள் வரிசையாய்.
பன்னிரண்டு மணிவரை தெளிந்த நீர்.
இரண்டு மணிக் குழாயில் பாலாடைபோல் ஒரு படலம்.
மூன்றரைக்கு அதில் மஞ்சள்.
மற்ற ஏழு பேருடைய கோடும் தரையோடு போகிறது.
எனக்கு மட்டும் பினாங்கு மலை.

"என்ன சாப்பிட்டீங்க?"
அதே கேள்வி. இந்த முறை பேனாவை எடுக்கவில்லை.

சட்னி தீர்ந்துபோயிருந்தது என்பதுவரை சொன்னேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
உங்கள் எண்களை எடுத்துவிடுவோம் என்றார்.
எட்டு ஏழானது.
கூலியைக் குறைக்கவில்லை.
குறைத்திருக்கலாம்.

வாசலில் நின்று கேட்டேன்,
உள்ளே வந்த மஞ்சளெல்லாம் கடைசியில் எங்கே போகும்?
ஈரலில் கொஞ்சம், கொழுப்பில் கொஞ்சம் என்றார்.
வந்ததே கொஞ்சம்தான், மிச்சம் வந்த வழியே வெளியே.
கீரையிலிருந்து வந்ததில் ஒரு துளி மட்டும் கண்ணுக்கு ஏறும்.
எதை நேராகப் பார்க்கிறோமோ
அது போய் விழுகிற இடத்தில்
மஞ்சள் புள்ளியாய் நின்று
வெயிலை வடிகட்டும்.

மாலைப் படகில் மோட்டார் சைக்கிளோடு திரும்பினேன்.
தீவுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.
எல்லாரும் கரையைப் பார்த்து நின்றார்கள்.
நான் திரும்பி நின்று, கூசும்வரை, நேராகப் பார்த்தேன்.

வீட்டில் ஒரு கட்டுப் பயம் வாடிக் கிடந்தது.
வாணலியை வைத்து
எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கையில்
இரவுச் சாப்பாடு என்னவென்று
வாய்விட்டுச் சொன்னேன்,
எழுதிக்கொள்ள வசதியாக,
மெதுவாக.